ரெஜினா சொன்ன பதில்

தமயந்தி சொன்னால் ஊர் கேட்டது. அப்படித்தான் எல்லோரும் நம்பினார்கள், தமயந்தி உட்பட.

'தாழ்வாரம்' இணைய இதழில் வெள்ளிதோறும் அவள் எழுதிவந்த பத்திக்குப் பெயர் 'காதுக்கு ஐந்து'. அந்த வாரம் தவறவிடக் கூடாத ஐந்து பாட்காஸ்ட்டுகள், ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வரிகள். பழைய கொலை வழக்குகளைக் கிளறும் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர், பல் வைத்தியத்தின் வரலாற்றைத் துப்பறியும் கதைபோலச் சொல்லும் டாக்டர், மாநகரப் பேருந்துகளில் ஏறி முன்பின் தெரியாதவர்களிடம் வம்பு வளர்க்கும் கல்லூரிப் பெண் என்று யாராக இருந்தாலும் சரி, தமயந்தியின் ஐந்தில் இடம் கிடைத்துவிட்டால் பிழைத்தார்கள். பாட்காஸ்ட் நடத்துகிறவர்கள் வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஃபோனைத் திறப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

ஒரு வாரத்தில் இத்தனையையும் எப்படிக் கேட்டு முடிக்கிறாய் என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை. பாட்காஸ்ட் கேட்கிறவர்களும் அதே வழியில்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோர் வீட்டிலும் செவிலி இருந்தது.

செவிலி என்பது காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ஒரு பொட்டு. படுக்கப் போகும்போது ஒட்டிக்கொண்டால் போதும். நாம் தூங்கும்போது அது நமக்காகக் கேட்கும், வாசிக்கவும் செய்யும். காலையில் பல் துலக்கும்போது, கேட்டுவிட்ட ஞாபகம் வந்து உட்கார்ந்திருக்கும். வெறும் தகவலாக இல்லை. சிரித்த ஞாபகம், 'அட, ஆமாம்' என்று தலையாட்டிய ஞாபகம், ஓரிடத்தில் தொண்டை அடைத்த ஞாபகம் எல்லாம் சேர்ந்து வரும். முதலில் பாட்காஸ்ட்டுகளுக்கு மட்டும் என்றுதான் விற்றார்கள். பிறகு அலுவலகக் கூட்டங்களுக்கு வந்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்களுக்கு, பட்டிமன்றங்களுக்கு, மாமியார் அனுப்பும் நீளமான குரல் செய்திகளுக்கு. உலகம் தோன்றிய நாளிலிருந்து முதல் தடவையாக எல்லோரும் எல்லாவற்றையும் கேட்டு முடித்திருந்தார்கள். யாருக்கும் எதையும் விட்டுவிட்டோம் என்ற குறை இல்லை.

தமயந்தியின் ஐந்தில் அதிக தடவை முதலிடம் பிடித்தது 'ரெண்டு பேர் ஒரு மைக்'. பெரம்பூரில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் லாரன்ஸும், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையான அவர் மனைவி ரெஜினாவும் வாரம் ஒரு முறை மைக்குக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். நிகழ்ச்சியே அவ்வளவுதான். மீன்குழம்பில் தக்காளி போடலாமா, தலையணை உறையை எப்போது மாற்றுவது, செத்த பிறகு கண்தானம் செய்தால் சொர்க்கத்தில் எதை வைத்துப் பார்ப்பது. எங்கே தொடங்கினாலும் பேச்சு கடைசியில் நாகர்கோவிலில் வந்து நிற்கும். கடையை விற்றுவிட்டுச் சொந்த ஊருக்குப் போய்விடலாம் என்பார் லாரன்ஸ். "நீங்க போங்க. நான் இந்த ரயில் சத்தம் இல்லாம தூங்க மாட்டேன்" என்பார் பெரம்பூரிலேயே பிறந்து வளர்ந்த ரெஜினா. கடைசி வார்த்தை எப்போதும் அவருடையது.

ஆடி மாதம் ஒருநாள் 'தாழ்வாரம்' ஆசிரியர் ஜாஃபர் தமயந்தியைக் கூப்பிட்டார்.

"இந்த வருஷம் நம்ம வாசகர் விருது யாருக்குன்னு ஓட்டெடுப்பு முடிஞ்சுது. உன்னோட பெரம்பூர் ஜோடிதான். மத்தவங்க யாரும் கிட்டக்கூட வரல. அந்தம்மாவை மேடையில அஞ்சு நிமிஷம் பேசவிட்டா போதும், அரங்கம் அதிரும். நீயே நேர்ல போய் அழைச்சிட்டு வா."

"ஃபோன்ல சொல்லலாமே?"

"சொன்னேன். 'வீட்டுக்கு வந்து பேசுங்க'ன்னுட்டாரு மனுஷன்."

லாரன்ஸின் வீடு கடைக்கு மேலே மாடியில் இருந்தது. கதவைத் திறந்தவருக்கு ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு வயதிருக்கும். நெற்றியில் ஒரு மூக்குக்கண்ணாடி, மூக்கில் இன்னொன்று. "வாங்க மேடம், வாங்க" என்றார். தமயந்திக்கு ஏதோ இடறியது. குரல் அவள் நினைத்ததுபோல் இல்லை. அவள் ஞாபகத்தில் இருந்த லாரன்ஸுக்குக் கணீரென்ற குரல். இவருக்கு மூக்கடைத்த மாதிரி, வாக்கியத்தின் கடைசியில் காற்று போய்விடுகிற குரல்.

கூடத்தில் மேசை, அதன்மேல் மைக். மைக்குக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள். சுவரில் ரெஜினாவின் படம், கழுத்தில் விசிலோடு, வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு. படத்துக்குச் சந்தன மாலை போட்டிருந்தது.

தமயந்தி மாலையைப் பார்த்தாள். பார்த்ததை மனசு ஏற்க மறுத்தது.

"ரெஜினா மேடம்..."

"ஏப்ரல்ல போயிட்டா" என்றார் லாரன்ஸ். "மூளையில ரத்தக் குழாய் வெடிச்சிடுச்சு. காலையில இட்லி சாப்பிட்டுட்டு ஸ்கூலுக்குப் போனா. மத்தியானம் ஃபோன் வந்துது. உக்காருங்க, டீ போடறேன்."

"ஆனா சார், போன வாரம்கூட அவங்க பேசினாங்களே!"

அடுக்களைக்குள் போகத் திரும்பிய லாரன்ஸ் நின்றார். அவர் முகத்தில் கோபமோ துக்கமோ வரும் என்று தமயந்தி எதிர்பார்த்தாள். வந்தது ஆவல்.

"என்ன சொன்னா?"

"சார்?"

"போன வாரம். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்க. என்ன சொன்னா அவ?"

தமயந்திக்கு ஞாபகம் தெளிவாக இருந்தது. "நீங்க ஃப்ரிட்ஜை ஜன்னலோரமா நகர்த்தணும்னு சொன்னீங்க. அதுக்கு அவங்க, 'வெயில்ல வெச்சா அதுக்கே ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கணும்'னு சொல்லிட்டுச் சிரிச்சாங்க."

லாரன்ஸ் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "அதுக்கே ஒரு ஃப்ரிட்ஜ்" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தார். "சொல்லுவா. இப்படித்தான் சொல்லுவா."

பிறகு மடிக்கணினியைத் திறந்து அந்த எபிசோடை ஓடவிட்டார்.

தமயந்தி ஒரு பாட்காஸ்ட்டைத் தன் காதால் கேட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. அது இவ்வளவு மெதுவாக நகரும் என்பதையே மறந்திருந்தாள். மூக்கடைத்த குரலில் லாரன்ஸ், "ஃப்ரிட்ஜை ஜன்னல் பக்கம் தள்ளிடலாம்னு பாக்கறேன், நீ என்ன சொல்ற?" என்றார். பிறகு யாரும் பேசவில்லை. மின்விசிறியின் கடகட சத்தம். எங்கோ குக்கர் விசில். ரயில் ஒன்று நீளமாகப் போனது. யாரோ ஒருவர் பேசி முடிக்கிற அளவுக்கு நேரம் கழித்து லாரன்ஸ், "சரி, அப்புறம் உன் இஷ்டம்" என்றார். அடுத்த விஷயத்துக்குப் போனார். மறுபடி நிறுத்தினார். மறுபடி மின்விசிறி.

எபிசோடு முழுக்க இப்படியே இருந்தது.

"மூணு நாலு மாசமா இப்படித்தான் போட்டுட்டு இருக்கேன்" என்றார் லாரன்ஸ்.

"ஏன் சார் யார்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டுவிட்டாள் தமயந்தி.

"சொன்னேனே! அடக்கம் முடிஞ்சு வந்த வாரமே இதே நாற்காலியில உக்காந்து சொன்னேன். 'ரெஜினா போயிட்டா, இதுதான் கடைசி எபிசோடு'ன்னு. பாதியில அழுதுட்டேன், அதையும் வெட்டாமதான் போட்டேன். அதுக்கு நீங்க என்ன எழுதினீங்க, ஞாபகம் இருக்கா?"

தமயந்திக்கு ஞாபகம் இருந்தது. இருந்திருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றியது. 'இந்த வாரம் லாரன்ஸ் சற்றே நெகிழ்ந்திருக்கிறார். ரெஜினா வழக்கம்போல அவரை வாரிவிட்டு, கடைசி வார்த்தையைத் தன்வசம் வைத்துக்கொள்கிறார். தவறவிடாதீர்கள்.'

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"முதல்ல எனக்குக் கோவம்தான் மேடம்" என்றார் லாரன்ஸ். "மூணு லட்சம் பேர் கேட்டதா காட்டுது. ஒருத்தன், ஒரே ஒருத்தன் 'ஐயோ பாவம்'னு எழுதல. இனிமே இந்தப் பக்கமே வரக் கூடாதுன்னு இருந்தேன். அடுத்த வாரம் கை சும்மா இருக்காம மைக்கை ஆன் பண்ணிட்டேன். ஏதோ பேசினேன். அவ பேசற நேரம் வந்தப்போ வாய் தானா மூடிக்குச்சு. நிறுத்திட்டுக் காத்திருந்தேன். அப்படியே போட்டேன். கீழ என்ன எழுதியிருக்காங்கன்னு பாத்தா, 'ரெஜினாம்மா நச்சுனு கேட்டாங்க.' இன்னொருத்தர், 'அந்தக் கத்தரிக்காய் பதிலுக்கு விழுந்து விழுந்து சிரிச்சேன்.' ஊர்ல எல்லாருக்கும் அவ பதில் கேட்டிருக்கு. எனக்கு மட்டும் கேக்கல."

"உங்ககிட்ட செவிலி இல்லையா?"

"வாங்கல. அவளுக்குப் பிடிக்காது. 'நான் பேசறதைக் கேக்க உங்களுக்கு மெஷின் வேணுமா?'ன்னு சாமியாடிட்டா." லாரன்ஸ் லேசாகச் சிரித்தார். "அதனால நான் நிகழ்ச்சி கேக்கறவங்ககிட்டயே விசாரிக்க ஆரம்பிச்சேன். 'ரெஜினா சொன்னதுல உங்களுக்கு எது பிடிச்சுது?'ன்னு கீழ ஒரு வரி போடுவேன். எழுதுவாங்க. ஆளுக்கு ஒண்ணு எழுதுவாங்க. பாதி குப்பை. ஆனா நடுவுல ஒண்ணு ரெண்டு, மேடம்... சத்தியமா அவளேதான்."

அவர் டீ போட மறந்துவிட்டார். தமயந்தியும் ஞாபகப்படுத்தவில்லை. விருதைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் படியிறங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் செவிலி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு ஃபோன் செய்தாள். நிறைய இசையைக் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள். மிகவும் கனிவான குரல். தமயந்தி நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"கேக்கவே கஷ்டமா இருக்கு மேம்" என்றாள் அந்தப் பெண். "ஆனா இது கோளாறு இல்ல. இதுக்குப் பேரு இதம். மனசு நோகற பகுதிகளைக் கொஞ்சம் மென்மையாக்கித் தரும். எல்லாருக்கும் ஆன்லயேதான் வரும்."

"ஒருத்தங்க செத்துப்போனதை எப்படி மென்மையாக்க முடியும்?"

"சாகலைன்னு ஆக்கிடும் மேம்."

"சரி, அந்த இடைவெளிகள்? அவங்க பேசவே இல்ல. எனக்கு அவங்க சொன்னது வார்த்தை வார்த்தையா ஞாபகம் இருக்கே?"

"ஞாபகம் துண்டு துண்டா இருந்தா வாடிக்கையாளருக்குத் தலைவலி வருது மேம். அதனால விட்டுப்போன இடத்தை, அவங்க இதுவரைக்கும் பேசினதை வெச்சு நிரப்பிடுவோம். இது உங்க மூளையே பண்ற வேலைதான். யோசிச்சுப் பாருங்க, நீங்க ஒரு எபிசோடை முழுசா உக்காந்து கேட்டாலும் ஒரு வாரம் கழிச்சு எவ்வளவு ஞாபகம் இருக்கும்? கொஞ்சம் மிஞ்சும், அதுலயும் பாதி தப்பா இருக்கும். அந்த மிச்சத்தைத்தான் நாங்க முதல்லயே குடுத்துடறோம். நடுவுல கேக்கற வேலை மிச்சம்."

"இதத்தை அணைக்க முடியுமா?"

"தாராளமா மேம். மன உளைச்சலுக்கு நானே பொறுப்புன்னு ஒரு ஒப்புதல் மட்டும் குடுக்கணும்."

"இதுவரைக்கும் யாராவது குடுத்திருக்காங்களா?"

அந்தப் பெண் எதையோ தட்டிப் பார்த்தாள். "ஒருத்தர் குடுத்திருக்கார் மேம். மறுநாளே திரும்ப ஆன் பண்ணிட்டார்."

அந்த வாரம் 'காதுக்கு ஐந்து' பகுதியில் ஐந்து இல்லை. தமயந்தி ஒன்றைப் பற்றி மட்டுமே எழுதினாள். அவள் எழுத்திலேயே அதுதான் ஆகச் சிறந்தது என்று ஜாஃபர் பிறகு சொன்னார். அலங்காரம் எதுவும் இல்லை. ரெஜினா ஏப்ரலில் இறந்துவிட்டார். அவர் கணவர் அதை நம்மிடம் சொன்னார், நாம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்காமலே உங்களுக்குப் பரிந்துரைத்தேன். இன்று ஒரு நாள் செவிலியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த எபிசோடை உங்கள் சொந்தக் காதால் கேளுங்கள். முக்கால் மணி நேரம் ஆகும். அவர் பேசாமல் இருக்கும் இடங்களைத் தாண்டிப் போகாதீர்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஜாஃபர் அதை இன்னொரு முறை படித்துப் பார்த்தார். "நாம முடிஞ்சோம். செவிலிக்காரன் விளம்பரத்தை நிறுத்தப் போறான், வாசகன் நம்மைச் செருப்பால அடிக்கப் போறான். பரவால்ல, போடறேன்" என்றார். சனிக்கிழமை காலை அவரே கூப்பிட்டார்.

"தமயந்தி, வாசகர் கடிதம் கொட்டுது."

"திட்டறாங்களா?"

"இல்லம்மா. ஒண்ணை வாசிக்கறேன் கேளு. 'இந்த வாரம் ஐந்தும் அருமை. குறிப்பாக, ரெஜினா இறந்துவிட்டதுபோல் நடித்து லாரன்ஸை ஏமாற்றும் எபிசோடைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.' இன்னொண்ணு: 'சொந்தக் காதால் கேளுங்கள் என்று அழகாகச் சொன்னீர்கள். இன்றே செவிலியில் போட்டுக் கேட்டுவிட்டேன்.'"

தமயந்தி தன் பத்தியைத் திறந்து மறுபடி வாசித்துப் பார்த்தாள்.

"அவங்க உன் பத்தியையும் செவிலிகிட்டதான் குடுக்கறாங்க" என்றார் ஜாஃபர், ஒரு குழந்தைக்குக் கெட்ட செய்தி சொல்கிற குரலில். "பெரம்பூர் ஜோடிக்கு இப்போ நாலு லட்சம் பேர்."

லாரன்ஸிடம் மன்னிப்புக் கேட்கத்தான் அவள் மறுபடி பெரம்பூர் போனாள். அவரைக் கேட்காமல் அவர் மனைவியின் சாவை எழுதியது தப்பு. எழுதியும் அது யாரையும் எட்டாமல் போனது அதைவிடப் பெரிய அவமானம். கடையில் ஒரு பெரியவருக்குக் கண்ணாடியின் காதுப்பட்டையை வளைத்துக்கொண்டிருந்த லாரன்ஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பெரியவர் போனதும், "விடுங்க மேடம்" என்றார். "எனக்கு ஒரு உதவி பண்ணுவீங்களா? அந்தச் செவிலி ஒண்ணு வேணும். எது நல்லதுன்னு எனக்குத் தெரியாது. நீங்க சொன்னா சரியா இருக்கும்."

தமயந்தி அதிர்ந்துபோனாள். "சார், நீங்க ஒருத்தர்தான் அது இல்லாம இருந்தீங்க."

"இருந்து என்ன பண்ணேன்? மத்தவங்க வாயிலேர்ந்து அவளைப் பொறுக்கிட்டு இருக்கேன். நாலு லட்சம் பேருக்கு அவ பேசறா, கட்டின புருஷனுக்குப் பேச மாட்டாளா?"

வாழ்நாளெல்லாம் பரிந்துரை செய்தவள் அன்றைக்கு எதையும் பரிந்துரைக்கவில்லை. தன் காதுக்குப் பின்னாலிருந்து கழற்றிப் பையில் போட்டு வைத்திருந்த செவிலியை எடுத்தாள். அதிலிருந்த தன் ஞாபகக் கணக்கை அழித்து, அவர் பெயரைப் பதித்து, எப்படி ஒட்டிக்கொள்வது என்று காட்டிக் கொடுத்தாள். லாரன்ஸ் தன்னுடைய புதிய எபிசோடையே அதில் ஏற்றச் சொன்னார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவளைக் கூப்பிட்டார். "கொஞ்சம் வர முடியுங்களா?"

அவள் போனபோது கடை திறக்கவில்லை. மேலே கூடத்தில் மைக்குக்கு ஒரு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். செவிலி மேசைமேல் கிடந்தது.

"பேசினாங்களா?"

"பேசினா." அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "பல்லு விளக்கிட்டு இருந்தேன். அப்படியே வந்துடுச்சு. குரல், சிரிப்பு, நடுவுல செருமுவா, அதுகூட. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"நான் வழக்கம்போல, 'கடையை வித்துட்டு நாகர்கோவில் போயிடலாமா?'ன்னு கேட்டிருந்தேன். அவ சொல்றா, 'சரிங்க. உங்க இஷ்டப்படியே போயிடலாம்.'"

"அவங்களா?" என்றாள் தமயந்தி.

"முப்பது வருஷத்துல அவ ஒரு தடவை அப்படிச் சொன்னதில்ல" என்றார் லாரன்ஸ். "மறுபடி கேட்ட ஃப்ரிட்ஜுக்கும் சரின்னா. மீன்குழம்புல தக்காளி வேணாம்னு நான் சொன்னதுக்கும் சரின்னா. எல்லாத்துக்கும் சரி, சரி, சரி. உங்களுக்கெல்லாம் சண்டை போட்டுக் காட்டறா, எனக்கு மட்டும் தலையாட்டறா. ஏன் மேடம்?"

கனிவான குரல்காரப் பெண் சொன்னதை நினைத்துப் பார்த்தபோது தமயந்திக்கு விளங்கியது. "கேக்கறவங்களுக்கு எது இதமோ அதைத்தான் அது குடுக்கும். எங்களுக்கு நீங்க சண்டை போடறது பிடிக்கும். உங்களுக்கு..."

"எனக்கு அவ ஒத்துக்கறது பிடிக்கும்." லாரன்ஸ் அந்தப் பொட்டை விரலால் மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார். "அஞ்சு நிமிஷம் எவ்வளவு சந்தோஷமா இருந்தேன் தெரியுமா? அதான் பயந்துட்டேன். இன்னும் நாலு நாள் வெச்சிருந்தா அவ எப்படி இருந்தாங்கறதே மறந்துபோயிருக்கும். பெட்டியக் கட்டிட்டு நாகர்கோவிலுக்கே போயிருப்பேன். இதை எடுத்துட்டுப் போயிடுங்க."

தமயந்தி அதை எடுத்துக்கொண்டாள். மறுபடி ஒட்டிக்கொள்ளவில்லை. அவள் பத்திக்கு வந்த வினை அங்கேதான் ஆரம்பித்தது.

காதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வாரத்தில் ஐந்து பாட்காஸ்ட்டுகளைத் தேடிக் கேட்டு, தள்ளியது போகத் தேர்ந்தெடுத்து எழுதுவது மனிதர்களால் ஆகிற காரியமாக இல்லை. இன்ஸ்பெக்டரின் கொலை வழக்கை உண்மையில் கேட்டபோது அவர் பாதி நேரம் தன் பென்ஷனைப் பற்றிப் புலம்புவது தெரிந்தது. பல் டாக்டர் வரிக்கு வரி இருமினார். பேருந்துப் பெண் மட்டும் செவிலி சொன்னதைவிடப் பிரமாதமாக இருந்தாள். ஒரு கண்டக்டரோடு அவள் நடத்திய வாக்குவாதத்தைத் தமயந்தி பாத்திரம் கழுவியபடியே கேட்டு, சோப்புக் கையோடு சிரித்துக்கொண்டு நின்றாள். அந்த வாரம் பத்தியில் அவளைப் பற்றி மட்டும் எழுதி, 'இனி ஐந்து கிடையாது, ஒன்றுதான். அதுவும் நான் கேட்டிருந்தால்தான்' என்று முடித்தாள்.

வாசகர்கள் ஐந்துக்கும் நன்றி சொல்லி எழுதினார்கள்.

அவள் குறிப்பிடாத மற்ற நான்கையும் அவர்கள் கேட்டிருந்தார்கள். அதில் ஒன்று, கலங்கரை விளக்கத்தில் தனியாக வேலை பார்க்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. அது பலருடைய மனசை உருக்கியிருந்தது. அப்படி ஒரு பாட்காஸ்ட் உலகத்திலேயே இல்லை என்று தமயந்தி தேடிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். "அந்தக் கலங்கரை விளக்கப் பொண்ணைப் பேட்டி எடுக்க முடியுமா?" என்று கேட்டார் ஜாஃபர். அவர் விளையாட்டாகக் கேட்கிறாரா, அவரும் கேட்டிருக்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த மாதக் கடைசியில் தமயந்தி வேலையை விட்டாள். ஜாஃபர் வருத்தப்பட்டார், உண்மையாகவே வருத்தப்பட்டார். 'காதுக்கு ஐந்து இத்துடன் நிறைவடைகிறது' என்ற அறிவிப்பைக் கட்டம் கட்டிப் போட்டார். அடுத்த வெள்ளி அந்தப் பக்கம் காலியாக இருந்தது.

சனிக்கிழமை அவர் கூப்பிட்டார். குரலில் ஒரு தயக்கம்.

"தமயந்தி, நீ ஏதாவது அனுப்பினியா?"

"இல்லையே சார்."

"இல்ல, 'இந்த வாரம் தமயந்தி உச்சம்'னு எழுதியிருக்காங்க. நிறைய பேர். காலிப் பக்கத்துக்குக் கீழ. என்ன செய்யட்டும்?" அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதாவது... நீ மறுப்பு சொல்லலைன்னா, அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுடலாமான்னு பாக்கறேன். விளம்பரம் நல்லா வருது."

தமயந்தி சிரிக்க ஆரம்பித்தாள். ஜாஃபர் பயந்துபோய், "அம்மா, நீ நல்லா இருக்கியா?" என்றார்.

இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிய ஒரே ஆள் பெரம்பூரில் இருந்தார். மதியச் சாப்பாட்டுக்காகக் கடையைப் பாதி சாத்திவிட்டு மேலே வந்திருந்த லாரன்ஸ், அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. முடித்ததும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஏப்ரலுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்திருக்க மாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது.

"அப்போ நீங்களும் போய்ச் சேந்துட்டீங்க. ரெஜினாவாவது செத்த பிறகுதான் பேச ஆரம்பிச்சா."

"நீங்க இன்னும் போட்டுட்டு இருக்கீங்களா சார்?"

"நிறுத்திட்டேன். மூணு வாரமாச்சு." அவர் தோளைக் குலுக்கினார். "எண்ணிக்கை ஏறிட்டே இருக்கு. அது அவங்க ரெஜினா. சண்டை போட்டுட்டு நல்லா இருக்கட்டும்."

மைக் மேசையில் இல்லை. அந்த இடத்தில் சோற்றுப் பானையும் மீன்குழம்பும் இருந்தன. சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டுக்கொண்டே, கேட்காமலே, ரெஜினாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். கல்யாணமான புதிதில் பெரம்பூர் ஸ்டேஷனில் ஒருவன் லாரன்ஸின் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதும், அவர் "திருடன், திருடன்" என்று நின்ற இடத்திலேயே கத்தியதும், பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரெஜினா துரத்தியதும். கதை நேராகப் போகவில்லை. பாதியில் புடவையின் நிறத்துக்குப் போனார், அதை எடுத்த கடைக்குப் போனார், கடைக்காரரின் மகனுக்கு எந்தக் கண்ணில் பார்வைக் குறை என்பதற்குப் போனார். திரும்பி ஸ்டேஷனுக்கு வர வெகுநேரம் ஆனது. மூக்கடைத்த குரல் வாக்கியத்தின் முடிவில் காற்றுப்போய் நின்றது. கீழே யாரோ கடைக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். தமயந்தியின் கை காய்ந்துவிட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.

"...ரெண்டாவது பிளாட்பாரத்துல அவன் காலரைப் பிடிச்சுட்டா மேடம். பிடிச்சு விட்டா ஒரு அறை! அப்புறம் அழுதா. அவனுக்கு வலிச்சிருக்குமேன்னு."

"நாலாவது பிளாட்பாரம்" என்றாள் தமயந்தி.

"என்ன?"

"ஆரம்பத்துல நாலாவது பிளாட்பாரம்னு சொன்னீங்க. இப்போ ரெண்டாவதுங்கறீங்க."

லாரன்ஸ் கவளத்தைத் தட்டில் வைத்தார். "நான் எங்க சொன்னேன்? ரெண்டாவதுன்னுதான் சொன்னேன்."

"நாலாவதுன்னீங்க. தண்ணிக் குழாய் பக்கத்துலன்னுகூட சொன்னீங்க."

"தண்ணிக் குழாய் ரெண்டாவதுலதான் இருந்துது. அந்த ஸ்டேஷன் எனக்குத் தெரியாதா?"

"ஸ்டேஷன் உங்களுக்குத் தெரியும் சார். ஆனா நீங்க சொன்னது நாலாவது."

"மேடம், நடந்தது எனக்கு."

"கேட்டது நான்."

லாரன்ஸ் நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அவளை நன்றாகப் பார்த்தார். பிறகு நாற்காலியை மேசையை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி, முதல்லேர்ந்து சொல்றேன்" என்றார். "எங்க நாலாவதுன்னு வருதுன்னு பிடிங்க பாக்கலாம்."